அங்கம்மாவின் முளை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தக் காலத்தில் பால் ஊற்றிய பெண்களில் மயிலம்மாவைப் போலப் பேச்சில் கஞ்சம் பிடித்தவள் வேறொருத்தி இல்லை. போத்தலை வாசலில் வைப்பாள், வெறும் போத்தலை எடுத்துக்கொள்வாள், போய்விடுவாள். மழை வரும் போலிருக்கிறதே என்று வீட்டுக்காரர்கள் வாயைக் கிளறினால் "ம்" என்பாள். அந்த "ம்"மையும் அளந்துதான் விடுவாள். ஆனால் பக்கத்தில் அங்கம்மா இருந்துவிட்டால் போதும், அப்போது பார்க்க வேண்டும் அவளை! வாய் ஓயாது. இருவரும் புல்தரையில் உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பில் மாடுகள் மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அந்தப் புல்தரை கொட்டாஞ்சேனைக்கும் ஒருகொடவத்தைக்கும் நடுவே, சதுப்பின் விளிம்பில் கிடந்தது. யாருடைய காணி என்று ஒருவருக்கும் தெரியாது. கவர்மெண்டுக் காணி என்பார்கள். கேட்கப் போனவர் எவருமில்லை. கேட்டால் அல்லவா வினை தொடங்கும்! பால்காரிகளும், கரத்தை என்கிற மாட்டுவண்டி ஓட்டுகிற கரத்தைக்காரர்களுமாகப் பதினொரு பேர் ஆளுக்கொரு முளை அடித்து, ஆளுக்கொரு மாட்டை அதில் கட்டி மேய்த்து வந்தார்கள். எழுத்தில் ஒரு வரி கிடையாது. ஆனால் கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான். கயிறு ஒன்பது முழத்துக்கு மேல் நீளக் கூடாது. நாற்பது நாள் ஒரு முளையில் மாடு கட்டாமல் விட்டால் அந்த முளை கைமாறிப் போகும். என்ன சாக்குச் சொன்னாலும் எடுபடாது. காய்ச்சலோ பிள்ளைப்பேறோ வந்து ஒருவர் படுத்துவிட்டால், இன்னொருவர் தன் மாட்டைக் கொண்டுபோய் அந்த முளையில் ஒரு பகல் கட்டலாம். முளை பிழைத்துக்கொள்ளும். இதற்கு முளை காக்கிறது என்று பேர்.

முளை காக்கிறவருக்கு ஒரு தனி விதி இருந்தது. முன்னொரு காலத்தில் எவனோ ஒருவன் நாலைந்து பேருடைய முளைகளைக் காத்து, கேட்டவரிடமெல்லாம் தன் பேரையும் சேர்த்து அடுக்கி அடுக்கிச் சொல்லி, கடைசியில் எல்லாம் என்னுடையதுதான் என்று நின்றுவிட்டானாம். மண்டை உடைந்து, பொலிஸ் வந்து, பெரிய அமளி. அன்றைக்கு எல்லோரும் மாட்டின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள்: காக்கிறவர் இது இன்னாருடையது என்று பிறருடைய முளைகளைத்தான் சொல்ல வேண்டும், அவருடைய முளையை இன்னொருவர்தான் சொல்ல வேண்டும், மீறினால் மாட்டுக்கு மடி வற்றிவிடும். மயிலம்மா யாருடைய முளையையாவது காத்த நாட்களில், "அந்தா மூலையில நிக்கிது பாரு, அது நம்ம மயிலு முளை" என்று அங்கம்மாதான் குரல் கொடுப்பாள். உலகத்தில் அவளை மயிலு என்று கூப்பிட்டவள் அங்கம்மா ஒருத்தியே.

மயிலம்மா பதினெட்டு வயதில் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து புருஷனோடு வந்தவள். அவன் துறைமுகத்தில் கரி சுமந்தான். ஆறு வருஷம் சுமந்தான், ஏழாவது வருஷம் இருமி இருமிச் செத்தான். பிள்ளை குட்டி கிடையாது. பக்கத்து அறையில் குடியிருந்த அங்கம்மாவும் தாலியறுத்தவள். இவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புல்தரையில் நிறுத்தி, "இவளுக்கு ஒரு முளை குடுங்க, இல்லேன்னா என் முளையைப் பாதியாப் பொளந்து குடுக்கிறேன்" என்று மற்ற ஒன்பது பேரோடும் சண்டை போட்டு, பதினோராவது முளையை அடித்துக் கொடுத்தவள் அவள்தான். பதினாலு வருஷத்துக்கு முந்திய கதை அது. இப்போது மயிலம்மாவுக்கு இருந்ததெல்லாம் அந்த முளையும், செவலை என்கிற பசுவும், அங்கம்மாவும்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம், ஈஸ்டர் ஞாயிறு காலை. செவலை சினையில் வற்றியிருந்ததால் அங்கம்மா மாட்டுப் பாலை எடுத்துக்கொண்டு மயிலம்மா போத்தல்களோடு தெருவில் நிற்கும்போது ஜப்பான்காரன் குண்டு போட வந்துவிட்டான். துறைமுகப் பக்கம் வானம் முழுக்கப் புகை. பூமி அதிர்ந்ததில் கையிலிருந்த போத்தல்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அவ்வளவுதான், அன்றைக்கே ஊர் காலியாகத் தொடங்கியது. எல்லோரும் நானா என்று அண்ணன் முறையில் கூப்பிடும் கரத்தைக்காரர் பலீல் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருவளைக்குப் போனார். பால்காரி ருக்கியா உம்மா மகன் வீட்டுக்குப் போனாள். முளைக்காரர் இராமரைப் போன்ற இந்தியாக்காரர்கள் ஊருக்குக் கப்பலேறத் தலைமன்னார் வண்டிக்கு ஸ்டேஷனில் நாள்கணக்காகப் படுத்துக் கிடந்தார்கள்.

அங்கம்மா தன் மாட்டைக் களனிக்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டு, ஒரு மூட்டையோடு வந்து நின்றாள்.

"கெளம்புடி மயிலு. உசுரு இருந்தா மத்ததைப் பாத்துக்கலாம்."

"செவலைக்கு இது ஒம்பதாம் மாசமாச்சேக்கா. எப்படி விட்டுட்டு வர்றது?"

"மாட்டுக்காகச் சாவியாடி நீ?"

"வித்தா வெட்டுறவன்தான் வாங்குவான். வயித்துல கன்னோட வெட்டக் குடுக்கவா?"

அங்கம்மா அவளை முறைத்துப் பார்த்தாள். திட்டினாள். பிறகு அழுதாள். கடைசியில், "நாப்பது நாளைக்குள்ள வந்துருவேன். என் முளை போயிராமப் பாத்துக்க" என்று சொல்லி, இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள். மயிலம்மா ஸ்டேஷன் வரைக்கும் போகவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரமாகிவிட்டது.

ஒரு வாரத்துக்குள் புல்தரையில் அவளும் செவலையும் மட்டும்தான். பத்து முளைகள் வெறுமனே நின்றன. பலீலுடைய முளை உடைந்த வண்டி அச்சின் இரும்புத் துண்டு. ருக்கியா உம்மாவுடையது ஒரு கருங்காலிக் கட்டை. அங்கம்மாவின் முளை பழைய ரயில் சிலிப்பர் கட்டையிலிருந்து வெட்டியது, தலையில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். மயிலம்மா ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது நாள் விட்டால் பத்தும் அழிந்துபோகும். வருகிறவர்கள் எங்கே வந்து மாட்டைக் கட்டுவார்கள்? மாடு கட்ட இடமில்லாவிட்டால் எதற்காகத் திரும்பி வருவார்கள்? அங்கம்மாதான் எதற்காக வருவாள்?

அன்றையிலிருந்து செவலையை ஒரு நாளைக்கு ஒரு முளையாகக் கட்ட ஆரம்பித்தாள். பதினொரு நாளில் ஒரு சுற்று. செவலைக்கு யோகம்தான், நாளுக்கொரு புதுப் புல். "இன்னிக்கு பலீல் நானா வீட்டு விருந்துடி, மெதுவாத் தின்னு" என்பாள் மாட்டிடம். "ருக்கியா உம்மா சுத்தக்காரி, நடு எடத்துல சாணி போட்டு வைக்காத" என்பாள். அங்கம்மாவின் முறை வரும் நாளில் மட்டும் பொழுது சாயும் வரைக்கும் அங்கேயே இருப்பாள். வெற்றிலையைக் கிழித்துப் பாதியைத் தான் போட்டுக்கொண்டு, பாதியை முளையின் சிவப்புத் துணிக்குள் செருகுவாள். பதினொரு நாள் கழித்துப் போனால் அது காய்ந்து சுருண்டு அப்படியே இருக்கும். அதை எடுத்துப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செருகுவாள்.

மே மாதம் செவலை கன்று ஈன்றது. கிடாரிக் கன்று. சதுப்பில் மழை கொட்டோ கொட்டென்று கொட்ட, மயிலம்மா தன்னந்தனியாக மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்று, கன்றை இழுத்துப் போட்டாள். கன்று காலூன்றி எழுந்து நின்றதும், "அக்கா, பொட்டைக் கன்னு!" என்று உரக்கக் கத்தினாள். கத்தின பிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லை என்று உறைத்தது. மழையில் நனைந்துகொண்டே அழுதாள். நன்றாக, வாய்விட்டு அழுதாள்.

அங்கம்மா சொன்ன நாற்பது நாள் போய், இன்னொரு நாற்பதும் போனது. கடிதமில்லை, ஆள்மூலம் ஒரு சொல்லும் இல்லை. பால் வாங்குகிற வீடுகளில் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தது ஸமீமா வீடு ஒன்று. கதவிடுக்கில் நின்று போத்தலை வாங்கும்போது ஸமீமா ஒருநாள் சொன்னாள்:

"அவங்க இனி வரமாட்டாங்க மயிலம்மா. முழுத் தரையும் இப்ப ஒனக்குத்தானே? ஏன் நாய் மாதிரி அங்கயும் இங்கயும் அலையிறே?"

"ம்" என்றாள் மயிலம்மா. மறுநாள் இராமருடைய முளையில் கட்டினாள்.

ஜூலையில் ஒரு நாள், நல்ல உச்சி வெயிலில், காணிக் கந்தோர் என்ற சர்க்கார் நில ஆபீசிலிருந்து கிளாக்கர் வந்தார். சிவபாதசுந்தரம் என்று பேர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கையில் குடை, மறு கையில் பெரிய பதிவுப் புத்தகம். சதுப்பில் காலிலிருந்த ஒரு சப்பாத்து புதைந்து, அதை இழுத்தெடுத்த எரிச்சலோடுதான் வந்து சேர்ந்தார்.

"இஞ்சை பாரணை, இந்த இடம் பட்டாளத்துக்குப் போகப் போகுது. லொறி விடப் போறாங்கள். மாடு கட்டுற ஆக்களுக்குக் களனி ஆத்தங்கரையிலை வேற தரை குடுப்பம். ஆர் ஆர் கட்டுறவை எண்டு எழுத வந்தனான். கெதியாச் சொல்லு."

 மயிலம்மா இத்தனை மாதம் காத்தது இதற்குத்தான். ஒவ்வொரு முளையாக நடந்துபோய், கையை அதன் தலையில் வைத்து, பேர் சொன்னாள். "இது அங்கம்மா முளைங்க. இது பலீல் நானாவுது. இது ருக்கியா உம்மா. இது இராமர்..." இப்படிப் பத்துப் பேரையும் சொல்லி முடித்தாள். ஒரு பேர் விடவில்லை, ஒரு முளை மாறவில்லை. கிளாக்கர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவால் மூலையிலிருந்த பதினோராவது முளையைக் காட்டினார்.

"அப்ப உது? உது ஆரின்ரை முளை?"

மயிலம்மா அந்தப் பக்கம் போகவில்லை. 

"அதை நான் சொல்லப்படாதுங்கய்யா. வேற யாருகிட்டயாச்சும் கேளுங்க."

"வேற ஆர் நிக்கினம் இஞ்சை?"

அவளும் திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் பாதை, நடுவே செவலையும் கன்றும். அவளுடைய முளையைச் சொல்ல அந்த வெளி முழுவதிலும் ஒரு வாய் இல்லை.

"நீ ஆர்? உனக்கும் இந்தத் தரைக்கும் என்ன?"

"நான் முளை காக்கிறேங்க."

கிளாக்கர் என்ன செய்வார் பாவம். சொந்தக்காரர்கள் சம்பளத்துக்கு வைத்த காவல்காரி என்று நினைத்தார். பத்துப் பேர்கள், உரிமையாளர் தெரியாத முளை ஒன்று, காவலுக்கு ஒரு பெண் என்று எழுதி, புத்தகத்தை மூடி, குடையை விரித்தார். மயிலம்மா ஓட்டமாக ஓடி ஸமீமா வீட்டுக் கதவைத் தட்டினாள். "ஒரே ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டுப் போம்மா!" ஸமீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, யாரிடம் கேட்பது, போவதா வேண்டாமா என்று தயங்கித் தெருவுக்கு வந்தபோது, குடை தெருமுனையைத் தாண்டிவிட்டது.

கேட்கிற உங்களுக்கு ஆத்திரமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அட பெண்ணே, சத்தியமாவது ஒன்றாவது, ஒரு தடவை உன் பேரை நீயே சொல்லித் தொலைத்தால் என்ன கேடு? ஆனால் பத்துப் பேர் இல்லாத இடத்தில் பத்துப் பேருடைய நம்பிக்கையையும் தூக்கிக்கொண்டு நின்றவள் அவள். அதில் ஒரு விதியை மீறினால் மற்றதெல்லாம் எதற்கு என்று நினைத்தாள். அங்கம்மா வரட்டும், கந்தோருக்கு வந்து கத்திச் சொல்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

செப்டம்பருக்குள் நாலு பேர் திரும்பினார்கள்: பலீல், ருக்கியா உம்மா, இன்னும் இரண்டு கரத்தைக்காரர்கள். பலீல் தன் இரும்பு முளையைச் சுற்றிப் புல் ஒட்ட மேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இராமர் குடும்பத்தோடு ஊரிலேயே தங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. அங்கம்மாவைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அக்கரையில் மண்டபம் முகாமில் அவளுக்கு அம்மை வார்த்தது என்று ஒருவர் சொன்னார், மதுரைப் பக்கம் கண்டதாக இன்னொருவர் சொன்னார். மயிலம்மா இரண்டுக்கும் "ம்" என்றாள்.

புதுத் தரைக்கான அனுமதித் துண்டு கொடுக்கும் நாள் வந்தது. பேர் உள்ளவர்கள் கந்தோருக்கு நேரில் வந்து பெருவிரல் வைக்க வேண்டும். கிளாக்கர் பேர்களை வாசித்தார். நாலு பேர் விரல் வைத்தார்கள். வாசித்து முடிந்ததும் பலீல் மேசையண்டை போனார்.

"தொரே, மயிலம்மாட பேர் எங்க? பதினோராவது மொளை இவங்கடதான். நாங்க நாலு பேரும் செல்றோம்."

இதோ, கடைசியில் ஒருவர் சொல்லிவிட்டார். மயிலம்மாவின் கண் நிறைந்துவிட்டது. சிவபாதசுந்தரம் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகம் கறுத்துப்போயிற்று.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா! பட்டியல் மேலிடத்துக்குப் போய் ஒப்பமாகி வந்திட்டுது. இனி ஒரு பேரும் ஏத்தேலாது."

"அப்ப இவங்கட மாட்ட எங்க கட்டுற?" என்றார் பலீல்.

கிளாக்கர் பேனாவைக் கீழே வைத்தார். மேசைக்கு மேலே குனிந்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஆறு பேர் வரேல்லை. நாலு மணிக்கு அந்தப் பேருகளை வெட்ட வேணும். அதிலை அங்கம்மா எண்டு ஒண்டு கிடக்கு. அந்த மனுசியின்ரை முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆர் வந்து விரல் வைச்சாலும் எனக்கு அங்கம்மாதான்."

மயிலம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"அய்யய்யோ, வேணாங்க. அவ வந்துருவா. அவ பேருல நான் விரலு வச்சா, அவ இல்லேன்னு நானே சொன்ன மாதிரி."

போய்க் கந்தோர் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பத்து மணியிலிருந்து அந்த வாசலையும் தெருவையும் பார்த்தபடி இருந்தாள். கூட வந்தவர்கள் போய்விட்டார்கள், பலீல் மட்டும் நின்றார். அவளுக்கு நிலைமை தெரியாமலில்லை. விரல் வைக்காவிட்டால் நாளைக்குச் செவலைக்குப் புல் இல்லை, கன்றுக்குப் பால் இல்லை, தனக்குச் சோறு இல்லை. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. தெருவில் மூட்டையோடு போன ஒவ்வொரு பொம்பிளையையும் கண்ணெடுக்காமல் பார்த்தாள். நாலு மணிக்குக் கால் மணி இருக்கும்போது பலீல் வந்து எதிரே குந்தினார்.

"புள்ள, இப்ப அந்தப் பேர வெட்டினா அவவுக்கும் மொளை இல்ல, ஒனக்கும் இல்ல. நீ வெரல் வெச்சா பேர் நிக்கும். அவ வந்த அண்டைக்கு எழும்பிக் குடு. எங்கட பத்துப் பேர்ட மொளையயும் காத்த. இதுவும் மொளை காக்கிறதுதான்."

 மயிலம்மா எழுந்து, சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

களனி ஆற்றங்கரையில் அவள் அடித்தது அங்கம்மாவின் சிலிப்பர் கட்டை முளை. தன்னுடைய முளையைப் பிடுங்கி வந்து அறை மூலையில் சாத்தி வைத்தாள். எத்தனையோ மழை நாளில் விறகு முடை வந்தும் அதை அடுப்பில் வைக்கவில்லை. யுத்தம் முடிந்தது. தலைமன்னார் வண்டி ஒழுங்காக ஓடியது. போனவர்களில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அங்கம்மா வரவில்லை. புதுத் தரையில் மாடு கட்டிய புது ஆட்கள் மயிலம்மாவையே அங்கம்மா என்று கூப்பிட்டார்கள். அவளும் திருத்தவில்லை. திருத்துவதற்கு அவள் வாயால் அவள் பேரைச் சொல்ல வேண்டுமே!

மாதத்துக்கொரு முறை துண்டைப் புதுப்பிக்கக் கந்தோருக்குப் போவார்கள். பியோன் வாசலில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். "அங்கம்மா!" என்று கூப்பிட்டதும் மயிலம்மா எழுந்திருக்கமாட்டாள். தெருவைத் திரும்பிப் பார்ப்பாள். பியோன் எரிச்சலோடு, இன்னும் உரக்க, "அங்கம்மா!" என்று இரண்டாம் தடவை கத்துவான். அதற்குப் பிறகுதான் எழுந்து, "வந்துட்டேங்க" என்று விரலைத் துடைத்துக்கொண்டு போவாள். ஆறு வருஷமாக இப்படியே.

ஒருநாள் பலீலுக்குப் பொறுக்கவில்லை.

"காது கேக்கல்லயா புள்ள? ஒவ்வொரு தடவையும் ஏன் அந்த மனிசன ரெண்டு தரம் கத்த வெக்கிற?"

மயிலம்மா இன்னும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பலீல் நானா, மொதக் கூப்பாடு அவளுக்கு" என்றாள். "ரெண்டாவதுதான் எனக்கு."